உயர்த்திய பிக்கப் வண்டியும் கன்றிப்போன தக்காளியும்

(வானொலி உரை)



பயிர், உரம், பூச்சி என்று பேச வேண்டிய வேளாண்மை அலுவலர், வண்டியின் ஸ்பிரிங் பட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இந்தக் கேள்வி என்னிடம் பயிர் நோயாகத்தான் வந்தது.

சென்ற பருவத்தில் ஒரு நாள், இராயக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தார். பத்துப் பன்னிரண்டு தக்காளிகள் உருண்டன.

"சார், தோட்டத்துல பறிக்கும்போது காய் கல்லு மாதிரி இருக்குது. மண்டியில இறக்கினா ரெண்டாம் தரம்னு ஒதுக்கறாங்க. ரெண்டு நாள்ல அழுகிடுதாம். என்ன நோயின்னு சொல்லுங்க, மருந்து அடிச்சிடறேன்" என்றார்.

காய்களை அறுத்துப் பார்த்தேன். புழுத் துளை இல்லை. சுண்ணாம்புச்சத்துக் குறைவால் வருகிற அடிக்கறுப்பும் இல்லை. தோல் நன்றாகவே இருந்தது. உள்ளே மட்டும் அங்கங்கே நீர் கோத்தாற்போல் சதை குழைந்திருந்தது. அடிபட்டுக் கன்றிய காய்க்கு இதுதான் அடையாளம். தோட்டத்துக்கும் போய்ப் பார்த்தேன். செடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எல்லா நாளும் இப்படித்தானா அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்து, "இல்ல சார். தொண்ணூறு பெட்டி போற அன்னிக்கு அடிப்பெட்டி மட்டும் நசுங்கும். இருபது பெட்டி போற அன்னிக்குத்தான் எல்லாப் பெட்டியும் இப்படி ஆயிடுது" என்றார்.

பாரம் அதிகமான நாளைவிடக் குறைவான நாளில் சேதம் கூடுதல்! அந்தப் பதிலைக் கேட்டதும் வண்டியைக் காட்டச் சொன்னேன். வாசலில் பிக்கப் வண்டி தேர் போல உயர்ந்து நின்றது. அவருடைய மகன் பெருமையாகச் சொன்னார்: "ரெண்டு பட்டை ஏத்தி, கட்டையும் வெச்சு உயர்த்தினோம் சார். தோட்டத்துப் பாதையில ஓடை தாண்டுற எடத்துல ஒரு கல்லு இருக்குது. கிரவுன் அதுல இடிக்குது. அதான்."

மறுநாள் மண்டியிலிருந்து காலி வண்டியில் நானும் ஏறி வந்தேன். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அந்தத் தம்பிக்கு வயது இருபத்தாறு. அவரும் இறங்கியதும் முதுகை வளைத்து நிமிர்த்திக்கொண்டார். "பழகிடுச்சு சார்" என்றார். தக்காளிக்கும் முதுகெலும்புக்கும் அது பழகுவதே இல்லை, நேயர்களே.

உயரம் வேறு, கடினம் வேறு

இன்று பல ஊர்களில் மேட்டுப் பாதைக்காகவும் அதிகப் பாரத்துக்காகவும் பிக்கப் வண்டிகளை உயர்த்துகிறார்கள். கூடுதல் பட்டை போடுவது, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பது, பட்டையை அடித்து வளைவு ஏற்றுவது, பெரிய டயர் மாட்டுவது என்று வழிகள் பல. இவற்றில் கூடுதல் பட்டை போடும்போது உயரத்தோடு சேர்ந்து கடினமும் ஏறிவிடுகிறது. நாம் கேட்டது உயரத்தை. கேட்காமல் வந்து சேர்வது கடினம்.

எவ்வளவு கடினம் என்று பாருங்கள். ஒரு பட்டையின் கடினம் அதன் கனத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. 7 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைகளோடு 10 மில்லிமீட்டர் கனமுள்ள பழைய லாரிப் பட்டையை வெட்டிச் சேர்த்தால், அதே நீள அகலத்தில் அந்த ஒரு பட்டை பழைய பட்டை மூன்றுக்கு ஏறக்குறைய சமம். இரண்டு சேர்த்தால் ஆறு பட்டை ஏற்றியதாகக் கணக்கு. "ரெண்டே ரெண்டு பட்டைதானே" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே பாடியின் விளிம்பு வரை உயரத்தை அளந்து குறியுங்கள். பிறகு 45 கிலோ யூரியா மூட்டை பத்தை, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்குங்கள். 450 கிலோ ஆயிற்று. துருப்பிடித்த பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகையால் வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கவும். இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுக்கவும்.

450 கிலோவுக்கு வண்டி நாலரை சென்டிமீட்டர் இறங்கினால், ஒரு சென்டிமீட்டர் அமுங்க 100 கிலோ வேண்டும் என்று பொருள். நம் விவசாயியின் வண்டி ஒன்றரை சென்டிமீட்டர்தான் இறங்கிற்று. அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 300 கிலோ.

இனி ஒரு சின்னக் கணக்கு. பட்டைமேல் இருக்கும் எடையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வண்டி ஒரு விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். காலி வண்டியில் பின்பட்டைகள் தாங்கும் எடை சுமார் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ கடினத்தில் அமுங்கல் 4 சென்டிமீட்டர். விநாடிக்கு இரண்டரை ஆட்டம். 300 கிலோ கடினத்தில் அமுங்கல் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். விநாடிக்கு நாலுக்கும் மேல்.

நாம் நடக்கும்போது உடம்பு விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அது நமக்கு வழக்கமான ஆட்டம். விநாடிக்கு 4 முதல் 8 வரையுள்ள ஆட்டம்தான் உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பையும் வயிற்றையும் அதிகமாக உலுக்குவது. நம் கையாலேயே வண்டியை அந்த அளவுக்குக் கொண்டுபோய் விடுகிறோம்.

இருபது பெட்டி ஏற்றிய நாளில் சேதம் கூடியதற்கும் இதுவே காரணம். தொண்ணூறு பெட்டி ஏறினால் அந்தக் கடினமான பட்டையும் அமுங்கி ஆட்டம் மெதுவாகிறது. இருபது பெட்டிக்கு அது அசைவதில்லை. பள்ளத்தில் விழும் அதிர்ச்சி நேராகப் பெட்டிக்குப் போகிறது. மேலடுக்குக் காய் எகிறி, கீழே இருக்கும் காயின்மேல் விழுகிறது. ஒரு பயணத்தில் எத்தனை பள்ளம், எத்தனை எகிறல் என்று கணக்குப் பாருங்கள். முதல் பறிப்பிலும் கடைசிப் பறிப்பிலும் காய் குறைவு. பல சமயம் நல்ல விலை கிடைப்பதும் அப்போதுதான். அந்தக் காய்தான் அடிபடுகிறது.

செலவில்லாத வேலை முதலில்

வண்டி குலுக்கினால் நம்மவர்கள் நேரே கடைக்குப் போய் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டுகிறார்கள். குலுக்கல் அப்படியே இருக்கிறது. கீழே சொல்லும் வரிசையில் செய்து வாருங்கள்.

முதலாவது, காற்று. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். காற்று ஏற ஏற அதன் கடினமும் ஏறும். பாரத்துக்குரிய காற்றை வைத்துக்கொண்டே காலி வண்டியையும் ஓட்டுவது பெரும்பாலோர் வழக்கம். "எப்பவும் ஃபுல்லா வெச்சுடுப்பா" என்பார்கள். காலி வண்டிக்கு எவ்வளவு, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்பது கம்பெனி கொடுத்த கையேட்டிலோ கதவோரத்து அட்டையிலோ இருக்கும். அதைப் பார்த்து வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். குறைத்த காற்றோடு பாரம் ஏற்றவே கூடாது. டயர் சூடேறி வெடிக்கும்.

இரண்டாவது, துரு. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசைய வேண்டும். சேறும் துருவும் அடைத்துவிட்டால் எல்லாம் ஒரே இரும்புக்கட்டையாக ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்கு அசையவே அசையாது. பட்டையைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கோக்கச் சொல்லுங்கள். முனையில் நைலான் துண்டு வைத்த பட்டையாக இருந்தால் அந்தத் துண்டு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கிரீஸ் வேண்டுமா என்பதைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யவும்.

மூன்றாவது, புஷ். பட்டையின் இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் மாற்றவும். மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை பட்டைமேல் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கேறிய நிலையில் இருந்து, வண்டியும் விறைத்து, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

நான்காவது, ஷாக் அப்சார்பர். இது பாரம் தாங்குவதில்லை. ஆடுகிற ஆட்டத்தை அடக்குவதுதான் இதன் வேலை. பட்டை மிகக் கடினமாக இருந்தால் எந்த ஷாக்கும் அதைச் சரிசெய்யாது. உயர்த்திய வண்டியில் இன்னொரு கோளாறும் உண்டு. உயரம் கூடியும் பழைய ஷாக்கே இருந்தால் அது முழுக்க நீண்டு, இழுபட்டு நிற்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மேலும் நீள இடமில்லாமல் 'டொக்' என்று இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஷாக்கின் நீளம் போதவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் கசிந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

ஐந்தாவதாகத்தான் பட்டைக்கு வர வேண்டும். பல பிக்கப் வண்டிகளில் கம்பெனியே இரண்டு கட்டமாகப் பட்டை அமைத்திருக்கிறது. மெல்லிய பட்டைகள் எப்போதும் வேலை செய்யும். தடித்த துணைப்பட்டை சற்று இடைவெளியோடு சும்மா இருக்கும். பாரம் ஏறி வண்டி இறங்கினால்தான் அது தொட்டுத் தாங்கும். காலி வண்டிக்கு மென்மை, பாரத்துக்கு வலிமை என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. நம் பட்டறையில் நடுவில் பட்டையைத் திணிக்கும்போது அந்த இடைவெளி அடைபட்டு, காலி வண்டியிலேயே துணைப்பட்டையும் தாங்க ஆரம்பித்துவிடுகிறது. குனிந்து பாருங்கள். காலியாக நிற்கும் வண்டியில் துணைப்பட்டையின் முனையில் இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் குலுக்கலுக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

கூடுதல் பட்டையை எடுத்துவிட்டுக் கம்பெனி அளவுக்குத் திரும்புவதே இதற்கு மருந்து. பிரித்துக் கோத்த பிறகு யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓடியதும் மறுபடி இறுக்க மறக்காதீர்கள்.

உயரத்தின் விலை

"சார், குலுக்கினா குலுக்கட்டும், உயரம் எனக்கு வேணும்" என்று சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

பல வண்டிகளில் பின் பிரேக்குக்குப் பாரமறியும் வால்வு ஒன்று இருக்கிறது. ஆக்சிலுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து, பாரம் இருக்கிறதா இல்லையா என்று அது தெரிந்துகொள்ளும். கட்டை வைத்து உயர்த்தினால், பாரம் இருந்தாலும் வண்டி காலி என்றே அது எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இறக்கத்தில் இது ஆளைக் கொல்லும் விஷயம். பிரேக் ஹோஸ் இழுபடுவதும் உண்டு. முகப்பு விளக்கின் ஒளி விழும் கோணமும் மாறிவிடும். புரொப்பலர் ஷாஃப்ட்டின் சாய்வு மாறி, அதன் கிராஸ் சீக்கிரம் தேயும். வேகமெடுக்கும்போது வண்டி அடியில் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கத்துக்குப் பட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், கவிழும் ஆபத்து. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் அகலம், பாரத்தோடு வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்று கொள்வோம். வளைவில் அது தாங்கும் பக்கவிசை அளவு 0.7. எடைமையம் 10 சென்டிமீட்டர் ஏறினால் 0.64-க்கும் கீழே வந்துவிடும். நேற்று திரும்பிய வளைவில் அதே வேகத்தில் இன்றும் திரும்பலாம் என்ற நினைப்பு ஆகாது. களையெடுக்கப் போகும் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறோமே, அது எந்தச் சரக்கு வண்டியிலும் கூடாது. உயர்த்திய வண்டியில் நினைக்கவே கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் அளவுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதித்த எடைக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று விதித்திருக்கிறார்கள். உங்கள் பதிவுச் சான்றில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஓட்டுநரும் உடன் வருபவரும் அதிலேயே அடக்கம்.

இதைச் சொன்னபோது நம் விவசாயி கேட்டார்: "அப்போ தொண்ணூறு பெட்டிக்கு ரெண்டு நடை போகணும். டீசல் காசு யார் சார் குடுப்பாங்க?"

நியாயமான கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவருடைய வண்டிக்கு 1,500 கிலோவரைதான் ஏற்றலாம். 25 கிலோ பெட்டியானால் 60. அவர் ஏற்றியது 2,250 கிலோ. நசுங்கிய அடிப்பெட்டிகள், இரண்டாம் தரமாகப் போனவை, டயர், கிராஸ், அடிக்கடி முறிந்த பட்டை என்று ஒரு தாளில் அவரையே எழுதச் சொன்னேன். எழுதி முடித்தபின் சற்று நேரம் அவர் பேசவில்லை. "உச்சப் பறிப்பு பத்து நாள்தான் சார். அந்தப் பத்து நாளைக்குப் பங்காளி வண்டியையும் கூட்டிக்கறேன்" என்றார்.

ஏற்றும் முறை

பாரத்தைப் பின் ஆக்சிலுக்கு முன்னால், கேபினை ஒட்டி அடுக்கிக்கொண்டு வாருங்கள். ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் பாரம் வண்டியை ஏற்றப்பலகை போல ஆட்டும். இருபது பெட்டி மட்டும் போகும் நாளில் அவற்றைக் கடைசியில் வைக்காதீர்கள்; அங்கேதான் துள்ளல் அதிகம். உயரமாக அடுக்காமல் பரப்பி வையுங்கள். அடியில் வைக்கோலோ பழைய சாக்கோ விரித்து, பெட்டி அசையாமல் கயிற்றால் கட்டுங்கள். பெட்டியை விளிம்புக்கு மேல் நிரப்பாதீர்கள். தூரத்துச் சந்தைக்குச் செங்காய்ப் பருவத்திலேயே பறித்து அனுப்புங்கள்.

அந்த ஒரு கல்

கடைசியாக ஒரு செய்தி. அந்த வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஓடையருகே இறங்கி அந்தக் கல்லைப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. ஓராண்டாக அவ்வளவு செலவும், முதுகு வலியும், கன்றிய காயும் அந்த ஒரு கல்லுக்காக!

பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரும் அதே பாதையில்தான் போகிறார்கள். மூன்று வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாறையோடு இறங்கினார்கள். கல்லைப் பெயர்த்து, ஓடைத் தண்ணீரின் வழியை மறிக்காமல் இரு கரையிலும் சரளை கொட்டிச் சரிவாக்கினார்கள். அடுத்த வாரம் கூடுதல் பட்டை இரண்டையும் கட்டையையும் எடுத்துவிட்டு, மற்ற பட்டைகளுக்குக் கிரீஸ் போட்டார்கள். மறுபடி அளந்து பார்த்தோம். பத்து மூட்டைக்கு நாலு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாகவே இறங்கிற்று.

பலத்த மழை நாளில் அந்த இடத்தில் இன்னமும் வண்டியை இறக்க முடிவதில்லை. பெட்டிகளைத் தலைச்சுமையாகத்தான் கரையேற்றுகிறார்கள். அந்தச் சிரமம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இருபது பெட்டிக் காய் இப்போது முதல் தரத்தில் போகிறது. "அப்பா காலி வண்டியில தூங்கிட்டே வர்றார் சார்" என்று அந்தத் தம்பி சொன்னார்.

ஆகவே, உங்கள் வண்டியும் உயர்ந்து நிற்கிறதென்றால், நாளைக் காலை மூன்று காரியம் செய்யுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பாருங்கள். குனிந்து துணைப்பட்டையின் இடைவெளியைப் பாருங்கள். அந்த வண்டியை எந்த இடத்துக்காக உயர்த்தினீர்களோ, அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள்.